கேழ்வரகு கூழுக்கு மட்டும்தானா?

தீபாவளி, பிறந்த நாள், பிள்ளைகளின் பரீட்சை முடிவு என்று ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிட்டால் போதும், இன்று நம் வீடுகளில் கேக் சுடும் வாசம் கமழத் தொடங்கிவிடுகிறது. நல்ல காரியந்தான். ஆனால் கேக்கை வெட்டித் தட்டில் வைத்து நீட்டும்போது, வீட்டில் யாராவது ஒருவர் "எனக்கு வேண்டாம்மா, இனிப்பு நீர் இருக்கு" என்று கையை ஆட்டிவிடுகிறார். பாட்டியாக இருக்கலாம், தாத்தாவாக இருக்கலாம். இந்தக் காலத்தில் நாற்பது வயதுத் தகப்பனாராகவும் இருக்கலாம். மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. அதாவது, ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு. நம் இந்திய சமூகத்தில் இந்த விகிதம் மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது நாம் அறிந்த வருத்தமான செய்தி.

ஆகவே தாய்மார்களே, சகோதரிகளே, அடுக்களைக்குள் நுழையத் தயங்காத ஆண் வாசகர்களே! இந்த இதழில் நாம் பேசப்போவது ஒரு கேக்கைப் பற்றித்தான். ஆனால் வெள்ளை மாவும் வெண்ணெயும் சீனியும் சரிக்குச் சரி போட்டுச் செய்யும் கேக் அல்ல. நம் பாட்டன்மார் கப்பலேறி வரும் முன்பே உண்டு வளர்ந்த கேழ்வரகு மாவும், வீட்டில் கனிந்து கறுத்துப்போகும் வாழைப்பழமும் சேர்ந்த கேக். அதைச் செய்யும் முறையைச் சொல்வதோடு, அதில் உள்ள நன்மை எவ்வளவு, இல்லாத நன்மை எது என்பதையும் ஒளிவு மறைவின்றிப் பார்ப்போம்.

ஏழையின் தானியமா?

கேழ்வரகு என்றும், ராகி என்றும், கேப்பை என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும் இந்தத் தானியம் மிகப் பழமையானது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்களில், இன்றைய எத்தியோப்பியா, உகாண்டா நாடுகள் இருக்கும் பகுதியில், சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் இதைப் பயிராக்கினார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள். அங்கிருந்து இந்தியாவுக்கு வந்து, மழையை நம்பிய தென்னாட்டுப் புன்செய் நிலங்களில் வேரூன்றியது. சேலம், தர்மபுரி, வட ஆற்காடு போன்ற பகுதிகளில் ஏழை எளியவர்களின் அன்றாட ஆகாரமே அந்த நாளில் இதுதான். காலையில் கூழ், இரவில் களி.

அந்தப் பகுதிகளிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் அநேகர். இங்கே வந்த பிறகு அரிசிச் சோறு தினசரி உணவாயிற்று. "ஊரில் கூழ் குடித்தோம், இங்கே சோறு தின்கிறோம்" என்பது அவர்களுக்கு ஒரு முன்னேற்றம். அது நியாயமான பெருமை. ஆனால் அந்தப் பெருமையோடு, கேழ்வரகு என்றால் வறுமை என்ற எண்ணமும் ஒட்டிக்கொண்டது. ஆடி மாதத்தில் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போது பயபக்தியோடு வாங்கிக் குடிக்கிறோம். மறுநாள் அதே கூழை வீட்டில் காய்ச்சினால், "இதையா குடிப்பது?" என்று பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆனதும் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டுகிறோம். அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் டப்பாவைப் பரணில் ஏற்றிவிடுகிறோம்.

இப்போது உலகம் திரும்பிப் பார்க்கிறது. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று, ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டை அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதன் பிறகு பேரங்காடிகளில் சிறுதானிய பிஸ்கட், சிறுதானிய ரொட்டி என்று பளபளக்கும் உறைகளில் வந்துவிட்டன. விலையும் பளபளப்பாகத்தான் இருக்கிறது! வாங்குமுன் உறையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். எடையில் எது அதிகமோ அது முதலில் வரும்படி பொருள்களை வரிசைப்படுத்த வேண்டும் என்பது 1985-ஆம் ஆண்டு மலேசிய உணவு விதிமுறைகளில் உள்ள நிபந்தனை. முதல் இடத்தில் கோதுமை மாவு, இரண்டாம் இடத்தில் சீனி, நான்காவதோ ஐந்தாவதோ கேழ்வரகு என்றிருந்தால், அது கோதுமை பிஸ்கட்தான். பெயர்தான் சிறுதானியம்.

கடையில் கேட்கும்போது கவனம்

இந்த நாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. மலாய்க்காரர் கடையில் போய் "ராகி" என்று கேட்டால், கேழ்வரகு கிடைக்காது. மலாய் மொழியில் ராகி என்றால் புளிக்க வைக்கும் காடி. தாப்பாய் செய்வதற்கான வெள்ளை உருண்டையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள்! ஆகவே நம்மவர் மளிகைக் கடையிலேயே கேழ்வரகு மாவு என்று கேட்டு வாங்குங்கள்.

மாவு புதியதாக இருக்க வேண்டும். கேழ்வரகு தானியமாக இருக்கும்வரை எளிதில் பூச்சி அண்டாது, வருடக்கணக்கில் தாங்கும். அந்த நாளில் பஞ்சத்துக்கென்று குதிரிலும் குழியிலும் சேமித்து வைத்தது இதனால்தான். ஆனால் மாவாகிவிட்டால் கதை வேறு. நம் நாட்டு ஈரக் காற்றில் சில மாதங்களில் கசப்பு ஏறிவிடும். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வையுங்கள். கசந்தால் அதில் கேக் செய்ய வேண்டாம். நல்ல மாவைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைப்பது உத்தமம்.

ஏன் உதிர்கிறது?

கேழ்வரகு மாவில் கேக் செய்து பார்த்த சிலர், "மண்மாதிரி உதிர்ந்துவிட்டது, தொண்டையில் நெருடுகிறது" என்று சொல்வதுண்டு. இதற்குக் காரணம் தெரிந்தால் நிவர்த்தியும் தெரியும்.

கோதுமை மாவில் குளூட்டன் என்ற பசைச்சத்து இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அது வலைபோலப் பின்னிக்கொள்கிறது. அடுப்பில் கிளம்பும் காற்றுக் குமிழிகளை அந்த வலைதான் பிடித்து வைக்கிறது. அதனால்தான் கேக் பூப்போல எழும்புகிறது. கேழ்வரகில் அந்தப் பசை அறவே இல்லை. எனவே குமிழிகள் தப்பிவிடுகின்றன. கேக் அமுங்கி, வெட்டினால் உதிர்கிறது. இதற்கு மூன்று துணைகள் வேண்டும்: கொஞ்சம் கோதுமை மாவு, முட்டை, நன்றாகக் கனிந்த வாழைப்பழம். முட்டை வெந்ததும் இறுகிச் சுவர்போல நிற்கும். பழக்கூழ் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பிணைக்கும்.

நெருடலுக்குக் காரணம் தவிடு. கேழ்வரகு மிகச் சிறிய மணி. அதன் மேல்தோலைத் தனியே நீக்குவது கடினம். ஆகையால் மாவில் தவிடும் சேர்ந்தே வருகிறது. அது தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். மாவைப் பழக்கூழில் அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டால் நெருடல் நீங்கும். தவிட்டைச் சலித்து எறிந்துவிடாதீர்கள். சத்தும் நாரும் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன.

தேவையான பொருள்கள்

கேழ்வரகு மாவு – 150 கிராம்
கோதுமை மாவு – 75 கிராம்
தோல் உரித்த கனிந்த வாழைப்பழம் – 300 கிராம்
பொடித்த வெல்லம் அல்லது சீவிய குலா மலாக்கா – 90 கிராம்
முட்டை – 2
சமையல் எண்ணெய் – 100 மி.லி.
கெட்டித் தயிர் – 60 மி.லி.
பேக்கிங் பவுடர் – ஒன்றரைத் தேக்கரண்டி
சோடா மாவு – அரைத் தேக்கரண்டி
ஏலக்காய் – 4, பொடித்தது
உப்பு – இரண்டு சிட்டிகை

பழம் எது என்று கேட்பீர்கள். பீசாங் பெராங்கான் என்றால் நடுத்தர அளவில் மூன்று அல்லது நான்கு போதும். பீசாங் மாஸ் சிறியது. ஏழெட்டு வேண்டியிருக்கும், இனிப்பும் மணமும் கூடுதல். எதுவாக இருந்தாலும் தோலில் கரும்புள்ளி விழுந்து, கை வைத்தால் குழையும் பதத்தில் இருக்க வேண்டும். காயாக இருக்கும்போது உள்ள மாவுச்சத்து கனியக் கனியச் சர்க்கரையாக மாறுகிறது. பழம் நன்கு கனிந்திருந்தால் வெல்லத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பாசார் மாலாமில் கடை கட்டும் நேரத்தில் மலிவாகத் தள்ளிவிடும் சீப்புகள் இந்தக் கேக்குக்கு மிகவும் ஏற்றவை.

செய்யும் முறை

முதலில் கேழ்வரகு மாவை வாணலியில் போட்டு, மிதமான தீயில் ஐந்து நிமிடம் கைவிடாமல் வறுங்கள். பச்சை வாடை போய், வறுத்த கடலை போன்ற மணம் வரும்போது இறக்கித் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள்.

பழத்தை முள்கரண்டியால் மசித்து, வெல்லம், தயிர், உப்பு, ஏலப்பொடி சேர்த்துக் கலக்குங்கள். ஆறிய கேழ்வரகு மாவை இதில் கொட்டிக் கிளறி, மூடி அரை மணி நேரம் வையுங்கள். ஊறிய பிறகு சற்றுக் கெட்டியாகியிருக்கும்.

அந்த நேரத்தில் 20 செண்டிமீட்டர் அகலமுள்ள கேக் அச்சில் எண்ணெய் தடவி, அடியில் தாள் விரித்து வையுங்கள். தாள் இல்லாவிட்டால் வாழையிலையை நெருப்பில் வாட்டி விரிக்கலாம், மணமும் கூடும். ஓவனை 175 பாகை செல்சியஸில் சூடாக்கத் தொடங்குங்கள்.

முட்டையை நுரை வர அடித்து, எண்ணெயைச் சிறுகச் சிறுக ஊற்றி மேலும் அடியுங்கள். இதை ஊறிய மாவுக் கலவையில் சேருங்கள். கடைசியாகக் கோதுமை மாவு, பேக்கிங் பவுடர், சோடா மூன்றையும் ஒன்றாகச் சலித்துத் தூவி, அகப்பையால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலக்குங்கள். வெள்ளை மறைந்தால் போதும். அதற்குமேல் அடிக்க வேண்டாம்.

சோடாவைக் கடைசியில் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தயிரின் புளிப்புப் பட்டதும் சோடா உடனே காற்றை வெளிவிடத் தொடங்கிவிடும். முன்பே சேர்த்து ஊறவைத்தால், ஓவனுக்குள் போகுமுன் காற்றெல்லாம் வீணாகிவிடும். ஆகவே சோடா கலந்த பிறகு அரட்டைக்கு இடமில்லை. உடனே அச்சில் ஊற்றி உள்ளே தள்ளுங்கள்.

நடுத்தட்டில் வைத்து 40 முதல் 45 நிமிடம் சுடுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், கேழ்வரகு மாவு வேகுமுன்பே பழுப்பாகத்தானே இருக்கிறது! சுத்தமான தென்னை ஈர்க்கு ஒன்றை நடுவில் குத்தி இழுங்கள். ஈரமாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. பத்து நிமிடம் அச்சிலேயே வைத்து, பிறகு கம்பித் தட்டில் கவிழ்த்து, குறைந்தது ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு வெட்டினால் நிச்சயம் உதிரும். ஆறும்போதுதான் மாவுச்சத்து இறுகிப் பிடிக்கும். பன்னிரண்டு துண்டுகளாக வெட்டுங்கள்.

பழம் சேர்ந்த கேக் ஆதலால் நம் வெப்பத்தில் வெளியே ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் நான்கு நாள் தாங்கும்.

ஓவன் இல்லாத வீட்டில்

ஓவன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மலாய்க்காரர்கள் குவே பஹூலு சுட்ட முறையைப் பாருங்கள். அச்சுக்கு அடியில் தணல், மூடிமேலும் தணல். மேலும் கீழும் சூடு வருவதுதான் ஓவனின் இரகசியம். நாமும் கனமான சட்டியில் இரண்டு விரற்கடை உயரம் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, மூடி, பத்து நிமிடம் சூடாக்கி, அச்சை உள்ளே இறக்கலாம். சிறு தீயில் 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். பிரஷர் குக்கரைப் பயன்படுத்துவோர் மூடியிலுள்ள ரப்பர் வளையத்தையும் மேலே வைக்கும் எடையையும் கழற்றிவிட வேண்டும். இதை மறக்கவே கூடாது.

முட்டை சாப்பிடாதவர்களுக்கும் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வேறு வழி உண்டு. மலாய்க்காரர் வீடுகளில் செய்யும் லெப்பாட் பீசாங்கையே கேழ்வரகில் செய்யுங்கள். மசித்த பழம் 400 கிராம், வறுத்த கேழ்வரகு மாவு 200 கிராம், தேங்காய்த் துருவல் 100 கிராம், சீவிய குலா மலாக்கா 60 கிராம், சிட்டிகை உப்பு. பிசைந்து, வாட்டிய வாழையிலையில் நீளமாக மடித்து, 25 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். நம் இலைக் கொழுக்கட்டைக்கு உடன்பிறப்புப்போல இருக்கும். பல்லில்லாத பெரியவர்களும் சுலபமாகச் சாப்பிடலாம். கோதுமை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் மட்டும், அந்த மாவு கோதுமை அரைக்கும் இயந்திரத்தில் அரைக்கப்படாததா என்று விசாரித்து வாங்க வேண்டும்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

இதுதான் முக்கியமான கேள்வி. "கேழ்வரகு இனிப்பு நீருக்கு மருந்து, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று சொல்லிக்கொண்டு திரிபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை நம்பி ஏமாறாதீர்கள்.

கேழ்வரகிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். நூறு கிராமில் ஏறக்குறைய 70 கிராம். அரிசியும் அப்படித்தான். தவிடும் நாரும் இருப்பதால் செரிமானம் சற்று நிதானமாக நடக்கலாம். ஆனால் நைசாக அரைத்து, கூழாகவோ கேக்காகவோ ஆக்கிவிட்டால் அந்தச் சலுகையும் குறைந்துபோகிறது. வெல்லமும் குலா மலாக்காவும் நிறத்திலும் மணத்திலும் வேறே தவிர, இரத்தத்தில் சேர்ந்த பிறகு சீனியின் உறவுக்காரர்கள்தாம்.

நம் கேக்கைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு துண்டில் ஏழரைக் கிராம் வெல்லம். அதாவது இரண்டு தேக்கரண்டிச் சீனிக்கும் சற்றுக் குறைவு. பழத்தையும் மாவையும் சேர்த்தால், மொத்தம் 25 கிராமுக்கு மேல் மாவுச்சத்தும் சர்க்கரையும் இருக்கும். ஏறக்குறைய 100 கிராம் சோற்றில் இருப்பதற்குச் சமம். ஆகவே இனிப்பு நீர் உள்ளவர் ஒரு துண்டு சாப்பிட விரும்பினால், அந்த வேளைச் சோற்றில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சோற்றுக்கு மேல் கேக்கும், கேக்குக்கு மேல் சீனி போட்ட தேத்தண்ணீரும் என்றால் கேழ்வரகு காப்பாற்றாது. மருந்து எடுப்பவர்கள், ஊசி போடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வதே சரி.

அப்படியானால் என்ன இலாபம்? இருக்கிறது. சாதாரண வெண்ணெய்க் கேக்கில் மாவு எவ்வளவோ அவ்வளவு சீனி. 225 கிராம் மாவுக்கு 225 கிராம் சீனி. இதில் வெல்லம் 90 கிராம்தான். மீதி இனிப்பைப் பழம் தருகிறது. நார்ச்சத்து உண்டு. முக்கியமாகச் சுண்ணாம்புச்சத்து. கேழ்வரகு 100 கிராமில் சுமார் 344 மில்லிகிராம்; தீட்டிய அரிசியிலோ பத்து மில்லிகிராம் அளவுதான். இதையும் மிகைப்படுத்த வேண்டாம். ஒரு துண்டுக் கேக்கில் கேழ்வரகிலிருந்து வருவது சுமார் 43 மில்லிகிராம். ஒரு பெரிய குவளைப் பாலில் 300 மில்லிகிராம் அளவு இருக்கும். கேக் தின்றே எலும்பை வளர்த்துவிட முடியாது. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் கேழ்வரகுத் தோசை, ஒரு நாள் புட்டு, காலையில் கூழ், விசேஷ நாளில் இந்தக் கேக் என்று வழக்கத்தில் வந்துவிட்டால், சிறு துளி பெருவெள்ளம்.

நேரமுள்ளவர்கள் பாட்டிமார் செய்ததுபோல முளைகட்டிய மாவு செய்துகொள்ளலாம். கேழ்வரகை இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் கட்டி ஒரு நாள் வைத்து முளைவிட்டதும் நன்கு காயவைத்து, வறுத்து அரைப்பது. சுண்ணாம்புச்சத்தையும் இரும்புச்சத்தையும் உடலில் சேரவிடாமல் தடுக்கும் பொருள் ஒன்று தானியத்தில் உண்டு. முளைகட்டும்போது அது குறைகிறது. அந்த நாளில் ஆய்வுக்கூடம் ஏது? குழந்தைக்கு ஒத்துக்கொள்வதைக் கண்ணால் கண்டே இந்த வழக்கத்தை நம் பெண்கள் ஏற்படுத்திக்கொண்டார்கள்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

கடைசியாக ஒரு வார்த்தை. இந்தக் கேக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது, கேழ்வரகு என்பதை மறைத்து "சாக்லேட் கேக்" என்று சொல்லாதீர்கள். நிறம் ஏமாற்றும், பிள்ளைகளும் ஏமாறக்கூடும். ஆனால் பிறகு தெரியவரும்போது, மறைக்க வேண்டிய பொருள் என்ற எண்ணந்தான் அவர்கள் மனத்தில் நிலைக்கும். மாவை வறுக்கும்போதே அருகில் கூப்பிட்டு நிறுத்துங்கள். அந்த மணத்தை முகரச் சொல்லுங்கள். பழத்தை மசிக்கும் வேலையை அவர்களிடமே கொடுங்கள். பொழுது விடியுமுன் பால்மரக் காட்டுக்குப் போன கொள்ளுப்பாட்டியின் ஊரில் இதுதான் உணவு என்று சொல்லுங்கள். லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால், அவரையே சொல்லச் சொல்வது இன்னும் நல்லது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குப்பைக்குப் போகவிருக்கும் பழம் இருக்கிறதா என்று பாருங்கள். பரணில் அந்தப் பழைய டப்பா இருந்தால் இறக்குங்கள். மாவைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, கசந்தால் புதியது வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.